ஒரே சாலை, இரண்டு சரிவுகள்: மேலிருந்து எடுத்த படம் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது

கலிஃபோர்னியாவில் பசிபிக் கடலை ஒட்டி ஓடும் ஹைவே 1-ஐப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். அதில் பிக் சர் என்கிற பகுதி 1937-இல் திறக்கப்பட்டது. ஒரு பக்கம் சாண்டா லூசியா மலைத்தொடர், மறுபக்கம் நேரே கடல், நடுவில் மலையை வெட்டிப் போட்ட இரண்டு லேன். திறந்த காலத்திலிருந்தே ஏதாவது ஓர் இடத்தில் மண் விழுந்து மூடுவதும், அள்ளிவிட்டுத் திறப்பதுமாகத்தான் இருக்கிறது.

இந்தச் சாலையில் நடந்த இரண்டு சம்பவங்களை எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, 2017 மே 20. மட் கிரீக் என்ற இடத்தில் மலைச்சரிவு மொத்தமாக இறங்கியது. 400 மீட்டருக்கு மேல் சாலை மண்ணுக்கடியில் போய்விட்டது. சரிந்த மண் கடலுக்குள் நீண்டு புதுக் கரையே உருவானது. சாலையை மறுபடி திறந்தது 2018 ஜூலை 18 அன்று. செலவு 5.4 கோடி டாலர்.

இரண்டாவது, 2021 ஜனவரி 28. மட் கிரீக்கிலிருந்து வடக்கே முப்பது, முப்பத்தைந்து கிலோமீட்டர் தள்ளி ராட் கிரீக் என்கிற ஓடை. ஐந்து மாதம் முன்பு, 2020 ஆகஸ்டில் தொடங்கிய டோலன் தீயில் சுமார் 1.25 லட்சம் ஏக்கர் எரிந்திருந்தது. ஜனவரி மழையில் அந்த மலையிலிருந்து சேறு, பாறை, கரிந்த மரம் எல்லாம் சேர்ந்து இறங்கி, சாலைக்கு அடியில் இருந்த கல்வெர்ட்டை அடைத்தது. போக வழியில்லாத தண்ணீர் சாலைமேல் ஏறி, கடல் பக்கத்து மண்ணை அரித்தது. சுமார் 45 மீட்டர் நீளத்துக்குச் சாலை துண்டாகக் கடலுக்குப் போனது. 2021 ஏப்ரல் 23-இல் திறந்தார்கள்.

செய்தியில் வரும்போது இரண்டுமே 'மண்சரிவு'தான். ஆனால் வானிலிருந்து படம் எடுத்து நிலத்தை அளக்கிறவர்களுக்கு இவை முற்றிலும் வேறு வேறு பிரச்சினைகள். ஒன்றில் மலை முன்கூட்டியே நகர்ந்து காட்டியது. இன்னொன்றில் நகர எதுவும் இல்லை. மழை வந்தது, சாலை போனது. இந்த வித்தியாசம் புரியாமல் "ட்ரோன் விட்டுக் கண்காணிக்கிறோம்" என்று சொல்வதில் பெரிய அர்த்தம் இல்லை. ஏன் என்று பார்ப்போம்.

சேற்றுப் பெருக்கு என்றால் என்ன

ராட் கிரீக்கில் வந்ததை ஆங்கிலத்தில் டெப்ரிஸ் ஃப்ளோ என்பார்கள். கேரளத்தில் உருள்பொட்டல் என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான். நான் இங்கே 'சேற்றுப் பெருக்கு' என்று எழுதுகிறேன்.

இது வெள்ளம் கிடையாது. வெள்ளத்தில் தண்ணீர் மண்ணைச் சுமந்து வருகிறது. சேற்றுப் பெருக்கில் கன அளவில் பாதிக்கு மேல் மண்ணும் கல்லும்தான். கலவை எந்திரத்திலிருந்து கொட்டும் ஈரக் கான்கிரீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு அடர்த்தி. அதனால்தான் கார் அளவு பாறையைக்கூடத் தூக்கி வருகிறது. பெரிய பாறைகள் முன்னால் வந்து சேர்ந்துகொள்ளும். பின்னால் சேறு தள்ளும். வழியில் ஓடைப் படுகையையே அரித்துத் தன்னோடு சேர்த்துக்கொண்டு பெரிதாகும்.

தீ எரிந்த மலையில் இது இன்னும் சுலபம். செடி, இலைச்சருகு இல்லாததால் மழைத்துளி நேரே மண்ணில் விழுகிறது. எரிந்த மேல்மண் பல இடங்களில் தண்ணீரை உள்ளே விடுவதில்லை. பற்றிப் பிடிக்கச் செடி இல்லாததால் மழை வருவதற்கு முன்பே மண்ணும் சரளையும் உருண்டு ஓடைக்குள் குவிகிறது. எரிந்த பிறகு முதல் இரண்டு ஆண்டுகள்தான் அதிக ஆபத்து.

படத்திலிருந்து மலை எப்படி வருகிறது

ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஊசியில் நூல் கோத்துப் பாருங்கள். கஷ்டம். இரண்டு கண்ணும் இரண்டு இடத்திலிருந்து பார்ப்பதால்தான் மூளைக்குத் தூரம் தெரிகிறது. போட்டோகிராமெட்ரியின் அடிப்படை இவ்வளவுதான். 1850-களிலேயே பிரான்சில் எமே லொசதா புகைப்படத்தை வைத்து நிலப்படம் போடும் வேலையை ஆரம்பித்துவிட்டார். 'போட்டோகிராமெட்ரி' என்ற பெயரை 1867-இல் வைத்தவர் ஜெர்மனியின் ஆல்பிரெக்ட் மைடன்பாவர். பிற்பாடு விமானம் வந்தது. வரிசையாக ஒன்றின்மேல் ஒன்று விழும்படி எடுத்த படங்களை வைத்துத்தான் பல நாடுகளின் நிலப்படங்கள் தயாராயின.

பழைய முறையில் கேமரா எங்கே இருந்தது, எந்தப் பக்கம் பார்த்தது, லென்ஸ் எப்படிப்பட்டது எல்லாம் முதலிலேயே துல்லியமாகத் தெரிய வேண்டும். இப்போது பயன்படும் முறைக்கு ஸ்ட்ரக்சர் ஃபிரம் மோஷன் என்று பெயர். இதில் அந்த விவரங்களையும் சாஃப்ட்வேரே கண்டுபிடிக்கும். ஒவ்வொரு படத்திலும் அடையாளம் காணக்கூடிய ஆயிரக்கணக்கான புள்ளிகளை எடுக்கும்: ஒரு கல்லின் மூலை, சாலைக் கோட்டின் முனை, இந்த மாதிரி. எந்தப் புள்ளி எந்தெந்தப் படத்தில் வருகிறது என்று ஜோடி சேர்க்கும். பிறகு, எல்லாக் கேமராக்களின் இடம், கோணம், லென்ஸ், எல்லாப் புள்ளிகளின் இடம் அத்தனையையும் 'தெரியாத எண்'களாக வைத்து, ஒரே நேரத்தில் தீர்க்கும். பண்டில் அட்ஜஸ்ட்மெண்ட் என்பார்கள். நம்ம காலேஜ் கணக்கில் வரும் லீஸ்ட் ஸ்கொயர்ஸ்தான். தெரியாத எண்கள் மட்டும் லட்சக்கணக்கில். ஓப்பன் ட்ரோன் மேப், கோல்மேப் போன்ற இலவச ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர்களே இதைச் செய்கின்றன. வீட்டு லேப்டாப்பில் ஓட்டிப் பார்க்கலாம். ஃபேன் சத்தத்தை மட்டும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு சின்னக் கணக்கு

பரவலாகப் பயன்பட்ட ட்ரோன் ஒன்றை எடுத்துக்கொள்வோம்: ஃபேண்டம் 4 ப்ரோ. சென்சார் அகலம் 13.2 மி.மீ., அதில் 5472 பிக்ஸல். ஒரு பிக்ஸல் 2.41 மைக்ரான். லென்ஸின் ஃபோகல் லெங்த் 8.8 மி.மீ. பிக்ஸல் அளவைப் பறக்கும் உயரத்தால் பெருக்கி, ஃபோகல் லெங்த்தால் வகுத்தால், ஒரு பிக்ஸல் தரையில் எவ்வளவு என்று வரும். 100 மீட்டர் உயரத்தில் அது 2.7 செ.மீ. ஒரு படம் தரையில் 150-க்கு 100 மீட்டர் பரப்பை மூடும்.

அடுத்தடுத்த படங்கள் 80 சதவீதம் ஒன்றின்மேல் ஒன்று விழ வேண்டும் என்றால் 20 மீட்டருக்கு ஒரு படம். பக்கத்து வரிசையோடு 70 சதவீதம் என்றால் வரிசைகளுக்கு நடுவே 45 மீட்டர். ஒரு கிலோமீட்டர் நீளம், அரை கிலோமீட்டர் அகலமுள்ள சரிவுக்கு 11, 12 வரிசை. ஏறக்குறைய 600 படம். தரையின் ஒவ்வொரு புள்ளியும் பதினைந்து படங்களுக்கு மேல் வரும்.

சமவெளியில் இது சரி. மலைச்சாலையில் ஒரு சிக்கல் இருக்கிறது. சாலையில் நின்று ட்ரோனை 100 மீட்டர் உயர்த்தி, அதே மட்டத்தில் மலைப்பக்கம் ஓட்டுகிறீர்கள் என்று வையுங்கள். மலை 80 மீட்டர் ஏறியிருந்தால், ட்ரோனுக்கும் தரைக்கும் நடுவே 20 மீட்டர்தான். படம் மூடும் பரப்பு 30-க்கு 20 மீட்டராகச் சுருங்கிவிடும். 20 மீட்டருக்கு ஒரு படம் எடுக்கிறோம். ஆக, ஒரு படமும் அடுத்த படமும் ஒன்றின்மேல் ஒன்று விழவே விழாது. எந்த மேல்சரிவு முக்கியமோ அங்கேயே மாடலில் ஓட்டை விழும். அதனால் மலையில் நிலத்தின் ஏற்ற இறக்கத்தைப் பின்பற்றித்தான் பறக்க வேண்டும்.

கழித்தல்: விஷயமே இங்கேதான்

ஒரு தடவை அளந்தால் கிடைப்பது அழகான ஒரு முப்பரிமாணப் படம். ஆபத்தைப் பற்றி அது கொஞ்சம்தான் சொல்லும். இரண்டு தடவை அளந்து, பழையதைப் புதியதிலிருந்து கழித்தால்தான் எங்கே மண் போனது, எங்கே சேர்ந்தது என்று தெரியும். சாஃப்ட்வேர்காரர்களுக்கு ஒரே வரியில் சொல்லலாம்: மலைக்கு ஒரு கிட் டிஃப்.

ஆனால் கிட் டிஃப்பில் ஒரு எழுத்து மாறினால் மாறியதுதான். இங்கே இரண்டு பதிப்பிலும் பிழை இருக்கிறது. முதல் அளவையில் செங்குத்துப் பிழை 6 செ.மீ., இரண்டாவதில் 8 செ.மீ. என்றால், கழித்தபின் பிழை இரண்டின் வர்க்கத்தையும் கூட்டி மூலம் எடுத்தது: 10 செ.மீ. 95 சதவீத உறுதி வேண்டும் என்றால் ஏறக்குறைய அதில் இரண்டு மடங்கு. அதாவது 20 செ.மீ.க்குக் கீழே தெரியும் எந்த மாற்றத்தையும் 'நகர்ந்தது' என்று சொல்ல உங்களுக்கு உரிமை இல்லை. சிவப்பும் நீலமுமாக வண்ணம் தீட்டிய படத்தை யாராவது காட்டினால், முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: எத்தனை செ.மீ.க்குக் கீழே வெள்ளையாக விட்டீர்கள்?

அடுத்தது, பிழையின் குணம். தாறுமாறான பிழை ஆபத்தில்லை. பரப்பு பெரிதானால் ஒன்றை ஒன்று அடித்துக்கொள்ளும். ஒரே பக்கமாகச் சாயும் பிழைதான் ஆபத்து. 10 மீட்டர் அகலம், ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள ஓடையில் மாடல் முழுவதும் 10 செ.மீ. உயர்ந்துவிட்டால், இல்லாத 1000 கன மீட்டர் மண் கணக்கில் ஏறிவிடும். 10 கன மீட்டர் டிப்பரில் 100 லோடு! நேரே கீழே பார்த்த படங்களை மட்டும் வைத்து, லென்ஸ் விவரத்தையும் சாஃப்ட்வேரிடமே விட்டால், தட்டையான தரையே நடுவில் உப்பி மாடலில் வருவதுண்டு. ஜேம்ஸ், ராப்சன் இருவரும் 2014-இல் இதை விரிவாகக் காட்டினார்கள். கொஞ்சம் சாய்த்து எடுத்த படங்களையும் கலந்தால் இது நன்றாகக் குறைகிறது. ஜிபிஎஸ்ஸால் துல்லியமாக அளந்த அடையாளப் பலகைகளைத் தரையில் வைப்பது இன்னொரு காவல்.

நெடுஞ்சாலைக்கு ஓர் அனுகூலம் உண்டு: சாலையே அளவுகோல். இரண்டு அளவைக்கு நடுவே சரிவுக்கு வெளியே இருக்கும் தார்ச்சாலை நகர்ந்திருக்காது. அங்கே கழித்தால் பூஜ்யம் வர வேண்டும். 7 செ.மீ. வருகிறதென்றால் அது உங்கள் பிழை, மலையின் நகர்வு இல்லை.

செங்குத்தான பாறைமுகத்தில் மேலிருந்து கீழாகக் கழிப்பதும் உதவாது. பக்கவாட்டில் அரை மீட்டர் உடைந்தால் உயரத்தில் பல மீட்டர் மாறியதாகக் காட்டும். அங்கே பரப்புக்கு நேர்குத்தாக அளக்கிற முறை வேண்டும். கிளவுட் கம்பேர் என்ற இலவச சாஃப்ட்வேரில் அது இருக்கிறது.

மட் கிரீக்: மலை சொல்லிக்கொண்டே இருந்தது

மட் கிரீக் சரிவு திடீரென்று முளைத்ததல்ல. ரேடார் செயற்கைக்கோள் படங்களைப் பின்னோக்கி ஆராய்ந்தபோது, குறைந்தது எட்டு ஆண்டுகளாகவே அந்தச் சரிவு மெதுவாக ஊர்ந்துகொண்டிருந்தது தெரிந்தது. பல ஆண்டு வறட்சிக்குப் பிறகு 2016–17 குளிர்காலத்தில் கொட்டிய மழை, மண்துளைகளில் நீரழுத்தத்தை ஏற்றியது. உராய்வின் பிடி தளர்ந்தது. ஊர்ந்தது ஓடியது.

அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் சாண்டா குரூஸ் குழு, சரிவதற்கு முன்பும் பின்பும் வானிலிருந்து படமெடுத்து, ஸ்ட்ரக்சர் ஃபிரம் மோஷன் முறையில் மாடல்கள் செய்தது. ஏற்கெனவே இருந்த லைடார் அளவையோடு அவற்றை ஒப்பிட்டு, சரிவுக்கு முன்பு, சரிவின்போது, சரிவுக்குப் பின்பு என மூன்று கட்டத்திலும் நிலம் எப்படி மாறியது என்று காட்டியது. சாலைத் துறை ஏற்கெனவே பாதையை மூடியிருந்தது. தரையில் அசைவு அதிகமானதைப் பார்த்துச் சில நாள் முன்பே தன் ஆட்களையும் எந்திரங்களையும் விலக்கிக்கொண்டது. அத்தனை பெரிய மலை இறங்கியும் ஓர் உயிர்கூடப் போகவில்லை.

இந்தக் கடற்கரை ஆய்வுகளில் ஒரு சுவாரசியமான கிளைக்கதை உண்டு. கென்னத் ஏடல்மன் என்பவரும் அவர் மனைவி கேப்ரியலும் 2002-இல் தொடங்கி ஹெலிகாப்டரிலிருந்து கலிஃபோர்னியாக் கடற்கரை ஏறக்குறைய முழுவதையும் பக்கவாட்டில் படமெடுத்து எல்லோரும் பார்க்க வைத்தார்கள். ஒரு படத்தில் தன் வீடு இருக்கிறது என்று பாடகி பார்பரா ஸ்ட்ரைசண்ட் 2003-இல் 5 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார். வழக்கு தள்ளுபடியானது, அதுவரை யாரும் கவனிக்காத படத்தை லட்சக்கணக்கானோர் பார்த்தார்கள். 'ஸ்ட்ரைசண்ட் எஃபெக்ட்' என்ற சொல்லே அதிலிருந்து வந்ததுதான். அளப்பதற்காக எடுக்காத அதே படத்தொகுப்பை வைத்துப் பிற்பாடு விஞ்ஞானிகள் கடலோரப் பாறைச்சுவர்கள் எவ்வளவு உடைந்திருக்கின்றன என்று கணக்கிட்டார்கள். பழைய படத்தைத் தூக்கிப் போடாதீர்கள் என்பதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டாம்.

ராட் கிரீக்: சொல்ல எதுவும் இல்லை

இப்போது ராட் கிரீக்குக்கு வருவோம். 2021 ஜனவரி 25-ஆம் தேதி அந்த மலையைச் செ.மீ. துல்லியத்தில் அளந்திருந்தாலும், 28-ஆம் தேதி சாலை போகும் என்று அந்த மாடல் சொல்லியிருக்காது. மலை ஊரவில்லை. ஓடை தன் இடத்தில் கிடந்தது. காணாமல் இருந்தது மழை மட்டும்தான்.

எரிந்த மலையில் நாள் முழுவதும் பெய்யும் மொத்த மழையைவிட, கால் மணி நேரத்தில் எவ்வளவு வேகமாகக் கொட்டுகிறது என்பதே முக்கியம். இதே கலிஃபோர்னியாவில் மான்டசீட்டோ ஊரில் 2018 ஜனவரி 9 விடியற்காலை வந்த சேற்றுப் பெருக்கு 23 பேரைக் கொன்றது. யூஎஸ் 101 நெடுஞ்சாலையை ஏறக்குறைய இரண்டு வாரம் மூட வைத்தது. அதைக் கிளப்பிய மழை, 15 நிமிடக் கணக்கில் மணிக்கு 78 முதல் 105 மி.மீ. வேகம். அதாவது கால் மணியில் 20 முதல் 26 மி.மீ. நம்ம ஊரில் ஒரு கோடைமழையே அவ்வளவு பெய்யும், யாரும் பேசமாட்டார்கள். மேலே மலையை எரித்த தாமஸ் தீ முழுவதும் கட்டுக்குள் வந்ததாக அறிவித்ததே ஜனவரி 12-ஆம் தேதிதான். தீ அணையும் முன்பே பெருக்கு வந்துவிட்டது. இந்த வேகத்தில் வாரம் ஒரு ட்ரோன் அளவை ஓடிப் பிடிக்க முடியாது. புயல்மழையில் ட்ரோன் பறக்கவும் முடியாது.

அப்படியானால் போட்டோகிராமெட்ரிக்கு இங்கே வேலையே இல்லையா? இருக்கிறது, வேலை வேறு.

முதலாவது, இருப்புக் கணக்கு. ஓடைக்குள் எவ்வளவு சரளை குவிந்திருக்கிறது, போன பெருக்கில் எவ்வளவு காலியானது, மறுபடி எவ்வளவு சேர்ந்தது. காலியான ஓடையும் நிரம்பிய ஓடையும் ஒரே மழைக்கு வேறு வேறு மாதிரி நடந்துகொள்ளும்.

இரண்டாவது, கல்வெர்ட். தண்ணீரின் அளவுக்குப் போட்ட கல்வெர்ட், பாறையும் மரமும் வந்தால் அடைத்துக்கொள்ளும். மேலே எத்தனை பெரிய பாறைகள் கிடக்கின்றன என்று 3 செ.மீ. பிக்ஸல் படத்தில் எண்ணியே சொல்லிவிடலாம். எந்த ஓடையில் பெரிய குழாய், எங்கே பாலம், எங்கே வலைத்தடுப்பு என்று முடிவு செய்ய இது உதவும்.

மூன்றாவது, முன்கணிப்பு மாடல்களைச் சோதிப்பது. தீ எவ்வளவு கடுமையாக எரிந்தது, சரிவு எவ்வளவு, மண் எப்படிப்பட்டது, 15 நிமிட மழை எவ்வளவு என்பதை வைத்து ஒவ்வொரு ஓடையிலும் பெருக்கு வரும் வாய்ப்பையும் அளவையும் கணிக்கும் மாடல்கள் அமெரிக்காவில் தீக்குப் பிறகு வழக்கமாக ஓட்டப்படுகின்றன. கணிப்பு சரியா என்று பார்க்க, உண்மையில் எவ்வளவு மண் போனது என்று யாராவது அளக்க வேண்டும். அந்த அளவு கழித்தலிலிருந்து வருகிறது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அடர்ந்த காட்டில் போட்டோகிராமெட்ரிக்குத் தெரிவது மர உச்சிதான், தரை இல்லை. லைடாரின் லேசர் இலைகளின் சந்து வழியே புகுந்து தரையைத் தொடும். கேமராவுக்கு அந்த வித்தை தெரியாது. ஆனால் தீ காட்டை எடுத்துவிடுகிறது. எந்தத் தீ சேற்றுப் பெருக்குக்கு வழி செய்கிறதோ, அதே தீதான் மலிவான கேமராவுக்கும் தரையைத் திறந்து காட்டுகிறது. ஓரிரு ஆண்டில் செடி முளைத்ததும் அந்த ஜன்னல் மூடிவிடும். எரிந்த உடனே, முதல் மழைக்கு முன்பே, ஒரு தடவை அளந்து வைப்பது அதனால்தான் அவ்வளவு முக்கியம். முதல் அளவை இல்லையென்றால் கழிக்க எதுவும் இருக்காது.

ஆக

ஊரும் மலைக்கு, திரும்பத் திரும்ப எடுக்கும் படமே எச்சரிக்கை ஆகலாம். மட் கிரீக்கில் ஆட்களை விலக்கக் காரணமான அசைவு, அளக்கக்கூடிய வகை. சேற்றுப் பெருக்குக்கு எச்சரிக்கை மழைமானியிலிருந்தும், வானிலை ரேடாரிலிருந்தும், "இந்த அளவைத் தாண்டும் என்று தெரிந்தால் சாலையை மூடு" என்று முன்கூட்டியே எழுதி வைத்த விதியிலிருந்தும்தான் வரும். ராட் கிரீக் மழைக்கு முன்பு எரிந்த மலைகளுக்குக் கீழே இருந்தவர்களை வெளியேறச் சொன்னது மழை முன்னறிவிப்பை வைத்துத்தான். படத்தின் வேலை அந்த விதியில் வரும் எண் எவ்வளவு, எந்த ஓடைக்கு என்று சொல்வது.

இனி ஏதாவது மலைச்சாலையில் "ட்ரோன் கண்காணிப்பு அமைத்தாயிற்று" என்று செய்தி படித்தால் மூன்று கேள்வி கேட்டுப் பாருங்கள். அங்கே இருப்பது ஊரும் சரிவா, சேற்றுப் பெருக்கு வரும் ஓடையா? முதல் அளவை எந்தத் தேதி, எத்தனை செ.மீ. வரை நம்பலாம்? மழை கொட்டும் அந்தக் கால் மணி நேரத்தில் கேட்டை மூடுவது யார்? மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லையென்றால் முதல் இரண்டுக்கும் எவ்வளவு நல்ல பதில் வைத்திருந்தாலும் அந்தச் சாலையில் போகிறவருக்குப் பிரயோஜனம் இல்லை.